ரெய்டு 1 சர்வரிலிருந்து கழற்றிய இரண்டு வட்டுகள்: ஒரு தரவு மீட்புப் பதிவு

நடுத்தர அளவிலான ஓர் அச்சகத்தின் கோப்பு சர்வர், மின்னழுத்த ஏற்ற இறக்கத்தில் மதர்போர்டு பழுதாகி நின்றுவிட்டது. அதில் 2 டெராபைட் ஹார்டு டிஸ்க்குகள் இரண்டு, லினக்ஸின் மென்பொருள் ரெய்டு 1 முறையில் இணைக்கப்பட்டிருந்தன. ரெய்டு என்பது பல வட்டுகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் முறை. அதில் ரெய்டு 1, ஒன்றில் எழுதப்படுவது அப்படியே மற்றொன்றிலும் எழுதப்படும் மிரர் அமைப்பு. பழைய சர்வருக்குப் பொருந்தும் மதர்போர்டு உடனே கிடைக்காததால், வட்டுகளைக் கழற்றி என்னிடம் அனுப்பினார்கள். வாடிக்கையாளர்களின் வடிவமைப்புக் கோப்புகள், காலண்டர் ஓவியங்கள், திருமண அழைப்பிதழ் மாதிரிகள், விலைப்பட்டியல்கள் அனைத்தும் அவற்றில் மட்டுமே இருந்தன. தனியாக எடுத்த பேக்கப் எதுவும் இல்லை.

வட்டுகளுடன் வந்த செய்தி, ஒரு வட்டு நன்றாக இருக்கிறது, மற்றொன்றில் பழுதான செக்டர்கள் (வட்டில் தரவு பதியும் சிறு பகுதிகள்) இருக்கின்றன, ரெய்டு 1 என்பதால் நல்ல வட்டிலிருந்து எடுத்துக்கொண்டால் போதும் என்பது. கேட்பதற்கு முழுக்க நியாயமான இந்த யோசனையின்படி நடந்திருந்தால் அச்சகம் எட்டு மாத வேலையை இழந்திருக்கும். அது எப்படி என்பதையும், எந்த வரிசையில் எதைச் செய்தேன் என்பதையும் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு வரையறை. பரவலான ரெய்டு முறைகளில், கழற்றிய ஒரே வட்டிலிருந்து தரவை முழுமையாகப் படிக்க முடிவது ரெய்டு 1 முறையில் மட்டுமே. ரெய்டு 0 எனில் எல்லா வட்டுகளும் தேவை. ரெய்டு 5 எனில் ஒன்று குறைந்தாலும் சமாளிக்கலாம், இரண்டு குறைந்தால் முடியாது. வன்பொருள் ரெய்டு கார்டுகள் தம் குறிப்புகளைத் தமக்கே உரிய வடிவத்தில் வட்டில் எழுதிவைப்பதால், அவற்றுக்கான வழி வேறு. இங்கே சொல்லப்போவது லினக்ஸின் மென்பொருள் ரெய்டான எம்டி ரெய்டு 1, அதன் மேல் சேமிப்பிடத்தை வால்யூம்களாகப் பிரிக்கும் எல்விஎம், அதன் மேல் கோப்பு முறைமையான இஎக்ஸ்டி4 என்று அடுக்கப்பட்ட அமைப்பைப் பற்றியது.

வட்டை இணைப்பதற்கு முன்பே கவனிக்க வேண்டியது, அதில் எதுவும் தானாக எழுதப்படக் கூடாது என்பது. விண்டோஸ் கணினியில் இத்தகைய வட்டைச் செருகினால், சூழ்நிலைக்கேற்ப ‘இனிஷியலைஸ்’ செய்யவோ ‘ஃபார்மட்’ செய்யவோ கேட்கும். வட்டின் பிரிவுகளைக் குறித்துவைக்கும் பார்ட்டிஷன் அட்டவணை ஒரு கிளிக்கில் போய்விடலாம். லினக்ஸும் இந்த விஷயத்தில் முற்றிலும் பாதுகாப்பானதன்று. பெரும்பாலான விநியோகங்கள், ரெய்டு உறுப்பான வட்டைக் கண்டவுடன் அதைத் தாமாகவே ஒன்றுசேர்த்து இயக்கிவிடுகின்றன; இயக்கும்போது சூப்பர்பிளாக் எனப்படும் ரெய்டின் தலைப்புக் குறிப்பும் மாற்றி எழுதப்படுகிறது. அந்தக் குறிப்புதான் நமக்குக் கிடைக்கும் முதன்மையான சாட்சியம். ஆகவே, மீட்புக்கெனத் தனியாக வைத்திருக்கும் கணினியில், லினக்ஸ் ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஅட்ம் கருவியின் அமைப்புக் கோப்பில் தானியங்கி இணைப்பை முழுவதும் நிறுத்தும் ‘ஆட்டோ’ வரியைச் சேர்த்து, கணினி தொடங்கும்போது முதலில் ஏறும் தொடக்க ராம் வட்டையும் புதுப்பித்துவிட்டு, அதன் பிறகே வட்டுகளை ஒவ்வொன்றாக இணைத்தேன். யுஎஸ்பி பெட்டியைத் தவிர்த்து, மதர்போர்டின் சாட்டா முனையிலேயே நேரடியாக இணைத்தேன். சில யுஎஸ்பி பெட்டிகள் 512 பைட் செக்டர்களை 4096 பைட் செக்டர்களாக மாற்றிக் காட்டுவதால், நல்ல பார்ட்டிஷன் அட்டவணைகூட அழிந்துபோனது போலத் தோன்றும். இணைத்தவுடன் வட்டை வாசிப்புக்கு மட்டும் உரியதாக, இயங்குதளத்தின் மையமான கர்னல் அளவில் பூட்டினேன்.

வட்டு தன் உடல்நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் விவரங்கள், அச்சகத்தார் சொன்னதை உறுதிப்படுத்துவது போலவே இருந்தன. முதல் வட்டில், பழுதானதால் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர் (5ஆம் பண்பு) ஒன்றுகூட இல்லை. படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களைக் காட்டும் 197ஆம் பண்பும் பூஜ்யம். இரண்டாவது வட்டில் 5ஆம் பண்பும் 197ஆம் பண்பும் உயர்ந்திருந்தன. உடல்நிலையை மட்டும் பார்த்தால் முதல் வட்டையே எடுக்கத் தோன்றும். ஆனால், அதில் ஒரே ஓர் எண் என் கண்ணை உறுத்தியது. கேபிள் வழியே தரவு செல்லும்போது நேரும் பிழைகளை எண்ணும் 199ஆம் பண்பு ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தது. வட்டின் காந்தப் பரப்புக்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பில்லை. பெரும்பாலும் கேபிளோ இணைப்பு முனையோ தளர்ந்திருந்தால்தான் அது அவ்வளவு ஏறும். கேபிள் தளர்ந்த வட்டை லினக்ஸ் ரெய்டிலிருந்து வெளியேற்றியிருக்கக்கூடும் என்ற ஐயம் அங்கேதான் எழுந்தது.

ஐயத்தைத் தீர்க்கும் இடம் சூப்பர்பிளாக். எம்டிஅட்மின் ‘எக்சாமின்’ கட்டளையை இரு வட்டுகளின் ரெய்டு பார்ட்டிஷன்களிலும் இயக்கினேன். இக்கட்டளை எதையும் எழுதாது. படித்துக் காட்டுவதோடு நின்றுவிடும். இரண்டிலும் ஒரே ரெய்டு அடையாள எண், ஒரே பதிப்பு 1.2, ஒரே நிலை ரெய்டு 1. ஆனால், மூன்று வரிகள் வேறுபட்டன.

முதல் வட்டின் கடைசிப் புதுப்பிப்பு நேரம் பிப்ரவரி மாதத்தைக் காட்டியது. இரண்டாவது வட்டினுடையது சர்வர் நின்ற அக்டோபர் நாளைக் காட்டியது. நிகழ்வு எண்ணிக்கை முதல் வட்டில் 41,872; இரண்டாவதில் 1,06,315. ரெய்டின் நிலையைக் காட்டும் வரியில் முதல் வட்டு இரண்டு ‘ஏ’ எழுத்துகளையும், இரண்டாவது வட்டு ஒரு புள்ளியையும் ஒரு ‘ஏ’ எழுத்தையும் காட்டின.

இந்தக் கடைசி வரியைப் படிப்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். இரண்டு ‘ஏ’ என்றால் இரு உறுப்புகளும் இயங்குகின்றன என்று பொருள். புள்ளி என்றால் அந்த இடத்து உறுப்பு இல்லை என்று பொருள். எனவே, இரண்டு ‘ஏ’ காட்டும் வட்டே நலமானது என்று நினைப்பது இயல்பு. உண்மை நேர்மாறானது. வெளியேற்றப்பட்ட வட்டில் அதன் பிறகு எதுவும் எழுதப்படுவதில்லை என்பதால், தான் வெளியேற்றப்பட்ட செய்தி அதற்கே தெரியாது. இருவரும் சேர்ந்திருந்த கடைசி நொடியின் நிலைதான் அதில் உறைந்து நிற்கும். இணையை இழந்த செய்தி, எஞ்சி நின்ற வட்டில் மட்டுமே பதிவாகும். ஆக, பழுதான செக்டர்கள் கொண்ட இரண்டாவது வட்டுதான் எட்டு மாதங்களாக அச்சகத்தின் வேலை முழுவதையும் தனியாகத் தாங்கியிருக்கிறது. நலமாகத் தெரிந்த முதல் வட்டு பிப்ரவரியிலேயே நின்றுபோன ஒரு பழைய நகல்.

புதுப்பிப்பு நேரத்தைவிட நிகழ்வு எண்ணிக்கையை நான் அதிகம் நம்புகிறேன். நேரம் சர்வரின் கடிகாரத்தைப் பொறுத்தது. பேட்டரி தீர்ந்த மதர்போர்டில் அது எந்த ஆண்டையும் காட்டலாம். மீட்புக் கணினி யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் ஓடினால் ஐந்தரை மணி நேர வேறுபாடும் சேர்ந்துகொள்ளும். நிகழ்வு எண்ணிக்கையோ ரெய்டின் நிலை மாறும்போதெல்லாம் ஏறிக்கொண்டே போகும். கடிகாரத்துக்கும் அதற்கும் உறவில்லை.

இந்த வட்டுகளைப் புதிய சர்வரில் மாட்டி இயக்கிப் பார்க்கலாமா என்று அச்சக உரிமையாளர் கேட்டிருந்தார். வேண்டவே வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். இரண்டையும் ஒன்றாக மாட்டினால், கர்னல் எண்ணிக்கை குறைந்ததை ஒதுக்கிவிட்டுப் புதியதைத் தேர்ந்துகொள்ளும், அதுவரை சரி. ஆனால், பழைய வட்டை மட்டும் முதலில் மாட்டி இயக்கினால், அது ஒரே உறுப்பு கொண்ட ரெய்டாகத் தனித்து எழுந்து நின்று, பிப்ரவரி மாதக் கோப்புகளைக் காட்டும். பிறகு யாரேனும் மற்ற வட்டைப் ‘புதிய உறுப்பு’ என்று சேர்த்துவிட்டால், மறுசீரமைப்பு என்ற பெயரில் பழைய தரவு புதிய தரவின் மேல் எழுதப்பட்டுவிடும். அதற்குப் பிறகு எந்தக் கருவியாலும் மீட்க முடியாது.

எனவே, பழுதான செக்டர்கள் கொண்ட வட்டையே மூலமாக வைத்து இமேஜ், அதாவது முழு வட்டையும் ஒரே கோப்பாக்கிய நகல், எடுக்கத் தொடங்கினேன். இலக்கு 8 டெராபைட் வட்டு. இரு வட்டுகளின் இமேஜும் அதில் அடங்க வேண்டும் என்பதற்காக அந்த அளவு. கருவி குனு டிடிரெஸ்க்யூ. சாதாரண நகலெடுப்புக் கட்டளைகள் பழுதான இடத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். டிடிரெஸ்க்யூ அந்த இடத்தைத் தாண்டிச் சென்று, படிக்க எளிதான பகுதிகளை எல்லாம் முதலில் பாதுகாத்துவிட்டு, கடினமானவற்றுக்குப் பின்னர் திரும்பி வரும். எதுவரை வந்தோம் என்பதை மேப் கோப்பில் குறித்துவைப்பதால், இடையில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதல் ஓட்டத்தில், பழுதான பகுதிகளைத் துருவிப் படிக்கும் கட்டத்தை வேண்டுமென்றே நிறுத்தியிருந்தேன். உயிர் ஊசலாடும் வட்டில், நல்ல பகுதி முழுவதும் கைக்கு வரும் முன் கெட்ட பகுதியோடு போராடுவது ஆபத்து. இவ்வகை வட்டில் 3,90,70,29,168 செக்டர்கள். நொடிக்குச் சராசரி 120 மெகாபைட் வேகம் கிடைத்தாலே நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டாவது ஓட்டத்தில் துருவலையும் மறுமுயற்சிகளையும் அனுமதித்தேன். இறுதியில் 4096 பைட் கொண்ட ஒன்பது துண்டுகள், அதாவது 36,864 பைட்டுகள் மட்டும் படிக்க முடியாமல் நின்றன. இமேஜில் அந்த இடங்கள் பூஜ்யங்களாக இருக்கும். பழைய வட்டின் இமேஜையும் எடுத்துவைத்துக்கொண்டு, இரு வட்டுகளையும் கழற்றி உறைகளில் வைத்துவிட்டேன். இதற்குப் பிறகான வேலைகள் அனைத்தும் இமேஜ்களின் மேல் மட்டுமே நடந்தன.

இமேஜிலிருந்து கோப்பு முறைமையை அடைய ரெய்டை இயக்கியே ஆக வேண்டும் என்பதில்லை. ரெய்டு 1 தரவைத் துண்டு துண்டாகப் பிரிப்பதில்லை; சூப்பர்பிளாக்குக்கும் அதற்கென ஒதுக்கிய இடத்துக்கும் அப்பால் தரவு தொடர்ச்சியாகவே கிடக்கிறது. பதிப்பு 1.2இல் சூப்பர்பிளாக் பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து 4 கிலோபைட் தள்ளி இருக்கும். தரவு எங்கே தொடங்குகிறது என்பதை ‘டேட்டா ஆஃப்செட்’ வரியே சொல்லிவிடும். இங்கே அது 2,62,144 செக்டர்கள், அதாவது 128 மெபிபைட் (ஒரு மெபிபைட் 10,48,576 பைட்). ரெய்டு பார்ட்டிஷன் தொடங்குவது 10,50,624ஆம் செக்டரில். இரண்டையும் கூட்டி 512ஆல் பெருக்கினால் 67,21,37,216 பைட், சரியாக 641 மெபிபைட். இமேஜில் அந்த இடத்திலிருந்து தொடங்கும் லூப் சாதனம் (ஒரு கோப்பையே வட்டுபோல் காட்டுவது) ஒன்றை, வாசிப்புக்கு மட்டும் உரியதாக உருவாக்கினேன். அதன் இரண்டாவது செக்டரில் எல்விஎம்மின் ‘லேபல்ஒன்’ என்ற அடையாளச் சொல் தெரிந்தபோது, கணக்கு சரி என்பது உறுதியானது. எல்விஎம் இல்லாமல் நேரடியாக இஎக்ஸ்டி4 இருந்திருந்தால், 1080ஆம் பைட்டில் அதன் அடையாள எண் இருக்கிறதா என்று பார்த்திருப்பேன். இந்த ஆஃப்செட் எல்லா வட்டுகளுக்கும் பொதுவானதன்று. ரெய்டு உருவான காலத்து எம்டிஅட்ம் பதிப்பையும் வட்டின் அளவையும் பொறுத்து மாறும். ஒரே ரெய்டில் பிற்பாடு மாற்றிச் சேர்த்த வட்டிலும் வேறாக இருக்கலாம். வட்டுக்கு வட்டு சூப்பர்பிளாக்கைப் படித்தே கணக்கிட வேண்டும்.

அடுத்த சிக்கல் ஜர்னல், அதாவது மாற்றங்களைக் கோப்பு முறைமை முதலில் எழுதிவைக்கும் குறிப்பேடு. சர்வர் முறையாக அணைக்கப்படாமல் மதர்போர்டு பழுதாகி நின்றதால், இஎக்ஸ்டி4இன் ஜர்னலில் கடைசி மாற்றங்கள் சில கோப்பு முறைமையில் இன்னும் சேர்க்கப்படாமல் காத்திருந்தன. வாசிப்புக்கு மட்டும் என்று சொல்லி மவுண்ட் செய்தாலும் (கோப்புகளைப் பார்க்கும்படி இணைத்தாலும்) இஎக்ஸ்டி4 ஜர்னலை ஓட்டி எழுதவே முயலும். சாதனமே பூட்டப்பட்டிருந்தால் மவுண்ட் ஆக மறுத்து, ஜர்னலை ஏற்றாத ‘நோலோடு’ தெரிவை முயலச் சொல்லும். அவசரத்துக்கு அது உதவும். ஆனால், கடைசி நேரத்தில் மாறிய கோப்புறைகள் அரைகுறையாகவே தெரியும். இந்த அச்சகத்துக்கோ அந்தக் கடைசி நாளின் வேலைகள்தான் அவசரமாகத் தேவைப்பட்டன. எனவே, லூப் சாதனத்தின் மேல், லினக்ஸ் கர்னலின் டிவைஸ் மேப்பர் வசதியால் ஸ்னாப்ஷாட் அடுக்கு ஒன்றை அமைத்தேன். எழுதப்படுவதை எல்லாம் அந்த அடுக்கு ஒரு தனிக் கோப்பில் வாங்கிக்கொள்ளும். படிக்கும்போது மாறிய பகுதியை அந்தக் கோப்பிலிருந்தும் மாறாததை இமேஜிலிருந்தும் எடுத்துக் கொடுக்கும். கோப்பு முறைமைக்கு எழுத இடம் கிடைக்கிறது. இமேஜில் ஒரு பைட்டும் மாறுவதில்லை. ஏதேனும் தவறாகப் போனால் அந்தத் தனிக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். தரவு மீட்பில் நான் மிக மதிக்கும் வசதி இதுவே. இமேஜ் எடுத்த பிறகும் அதன் மேல் நேரடியாகப் பழுது நீக்கும் கருவிகளை ஓட்டுபவர்களைப் பார்க்கும்போது, இதை இன்னும் பலர் அறிய வேண்டும் என்று தோன்றுகிறது.

இங்கே எல்விஎம் ஒரு முட்டுக்கட்டை போட்டது. அடியிலுள்ள லூப் சாதனத்திலும் மேலுள்ள ஸ்னாப்ஷாட் அடுக்கிலும் ஒரே அடையாள எண் தெரிவதால், ஒரே பிவி (எல்விஎம்முக்கு அடித்தளமான சேமிப்பிடம்) இரண்டு இடங்களில் இருக்கிறது என்று சொல்லி, வால்யூம்களை இயக்க மறுத்தது. மறுத்தது நல்லதுதான், அது தன் விருப்பப்படி ஒன்றைத் தேர்ந்திருந்தால் நமக்குத் தெரியாமலே தவறான அடுக்கு இயங்கியிருக்கும். எல்விஎம்மின் ஃபில்டரில் ஸ்னாப்ஷாட் சாதனத்தை மட்டும் ஏற்று மற்ற அனைத்தையும் ஒதுக்குமாறு எழுதியபின் வால்யூம் குழு இயங்கியது. பழைய வட்டின் இமேஜிலும் இதே அடையாள எண்கள் இருக்குமாதலால், இரண்டையும் ஒரே நேரத்தில் இயக்கக் கூடாது. ஒன்றை முடித்து, முழுவதும் நிறுத்தியபின்தான் மற்றதைத் தொட வேண்டும்.

மவுண்ட் ஆனதும் ஜர்னல் ஓடி முடிந்தது. அச்சகத்தின் கோப்புறைகள், அக்டோபர் மாதக் கடைசி விலைப்பட்டியல் வரை, வரிசையாகத் தெரிந்தன. ஆர்சிங்க் கருவியால், கோப்புகளோடு ஒட்டிய கூடுதல் குறிப்புகளான நீட்டிப்புப் பண்புகளும் சேர்ந்து வருமாறு, வேறொரு வட்டுக்கு நகலெடுத்தேன். விண்டோஸ் கணினிகளுடன் கோப்புகளைப் பகிரும் சாம்பா வழியே பகிரப்பட்ட கோப்புகளின் விண்டோஸ் பண்புகள் அந்த நீட்டிப்புப் பண்புகளில் பதிந்திருக்கும் என்பதால் அவற்றை விட்டுவிடக் கூடாது. தமிழில் பெயரிட்ட கோப்புகள் திரையில் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் கலங்க வேண்டியதில்லை. மீட்புக் கணினியின் மொழி அமைப்பு யுடிஎஃப்-8 எழுத்துக் குறியீட்டில் இல்லாததன் விளைவு அது, பெயர்கள் கெட்டுப்போனதன் அடையாளம் அன்று.

எஞ்சியது, அந்த ஒன்பது துண்டுகள் எந்தக் கோப்புகளில் விழுந்தன என்ற கேள்வி. இதை அறியாமல் ‘எல்லாம் மீட்கப்பட்டது’ என்று ஒப்படைக்க எனக்கு மனம் வருவதில்லை. ஆண்டுகள் கழித்து ஒரு படத்தைத் திறக்கும்போது நடுவில் ஒரு பட்டை காணாமல் போயிருப்பதை வாடிக்கையாளர் கண்டுபிடிக்கும்படி விடக் கூடாது. மேப் கோப்பில் உள்ள ஒவ்வொரு பழுதான இடத்திலிருந்தும் 641 மெபிபைட்டைக் கழித்து, எல்விஎம்மின் தொடக்க ஒதுக்கீடான 1 மெபிபைட்டையும், அதற்கு மேல் அந்த வால்யூம் தொடங்கும் இடத்தையும் கழித்து, 4096ஆல் வகுத்தால் கோப்பு முறைமையின் பிளாக் எண் கிடைக்கும். டீபக்எஃப்எஸ் கருவியின் ‘ஐசெக்’ கட்டளை பிளாக் எண்ணிலிருந்து ஐநோடு (ஒவ்வொரு கோப்பின் விவரங்களையும் வைத்திருக்கும் பதிவு) எண்ணையும், ‘என்செக்’ கட்டளை ஐநோடு எண்ணிலிருந்து கோப்பின் பாதையையும் தரும். நான்கு துண்டுகள் யாருக்கும் ஒதுக்கப்படாத வெற்றிடத்தில் விழுந்திருந்தன. அடுத்தடுத்த மூன்று, பழைய காலண்டர் ஓவியம் ஒன்றின் டிஃப் கோப்பில். இரண்டு, செப்டம்பரில் உருவான ஒரு பிடிஎஃப் கோப்பில். ஐநோடு அட்டவணையிலோ கோப்புறைகளிலோ ஒன்றும் விழவில்லை. விழுந்திருந்தால் ஒரே துண்டு பல கோப்புகளைப் பாதித்திருக்கும்.

எட்டு மாதப் பழைய வட்டு பயன்பட்டது இங்கேதான். காலண்டர் ஓவியத்தின் ஐநோடில் பதிந்திருந்த மாற்ற நேரம், வட்டு வெளியேறிய பிப்ரவரி நாளுக்கு மிகவும் முந்தியது. உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரத்தை நகலெடுப்புக் கருவிகள் விருப்பப்படி அமைத்துவிட முடியும் என்பதால், ஐநோடே மாறிய நேரத்தைத்தான் பார்த்தேன். அந்த நேரம் முந்தியது என்றால், கோப்பு இரு வட்டுகளிலும் ஒரே உள்ளடக்கத்தோடு இருந்தாக வேண்டும். முதல் இமேஜை முழுவதும் நிறுத்திவிட்டு, பழைய வட்டின் இமேஜை இதே முறையில் ஸ்னாப்ஷாட் அடுக்குடன் இயக்கி, அந்தக் கோப்பை மட்டும் எடுத்து, இரண்டையும் பைட்டுக்குப் பைட் ஒப்பிட்டேன். வேறுபாடுகள் அனைத்தும் பூஜ்யமாக நின்ற அந்த 12,288 பைட்டுகளுக்குள்ளேயே அடங்கின. அதற்கு முன்னும் பின்னும் ஒரு பைட்டும் மாறவில்லை. பழைய வட்டின் கோப்பை அதன் இடத்தில் வைத்தேன்.

செப்டம்பர் பிடிஎஃப் பழைய வட்டில் இருக்க வழியில்லை. ஆனால், அதற்கு மூலமான கோரல் டிரா கோப்பு புதிய இமேஜில் பழுதின்றி இருந்ததால், அச்சகத்தின் வடிவமைப்பாளர் அதிலிருந்தே மீண்டும் உருவாக்கிக்கொண்டார். டிடிரெஸ்க்யூவிடம் பழைய வட்டைக் கொடுத்து, விடுபட்ட செக்டர்களை எல்லாம் அதிலிருந்து நிரப்பச் சொல்லவும் முடியும்; அந்த வழியை நான் விரும்பவில்லை. கோப்பு பிப்ரவரிக்குப் பின் மாறியதா என்று அக்கருவி பார்க்காது. செப்டம்பர் பிடிஎஃப்பின் நடுவில், அதே இடத்தில் முன்பு கிடந்த வேறொரு கோப்பின் துண்டு சேர்ந்திருக்கும். பூஜ்யத்தைக் கண்டுபிடிப்பதைவிட அதைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

ஒப்படைக்கும் முன், சுருக்கப்பட்ட கோப்புகளையும் பிடிஎஃப்களையும் அவற்றுக்குரிய சோதனைக் கருவிகளால் மொத்தமாகச் சரிபார்த்தேன். கடைசி மாதத்தின் விலைப்பட்டியல்களை, அச்சகத்தின் கணக்காளர் கையிலிருந்த தாள் பிரதிகளோடு எண் வாரியாக ஒப்பிட்டுப் பார்த்தார், ஒன்றும் விடுபடவில்லை.

புதிய சர்வரை அமைத்தபோது, பிப்ரவரியில் ஒரு வட்டு வெளியேறியதை அக்டோபர் வரை யாரும் அறியாமல் போனது ஏன் என்பதையும் தேடினேன். எம்டிஅட்மின் கண்காணிப்புச் சேவை பழைய சர்வரில் இயங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பதிவேடுகளில் ரெய்டு குறையுற்ற நிலையில் இருப்பதாக அது எழுதிய வரிகளும் இருந்தன. ஆனால், எச்சரிக்கை போக வேண்டிய மின்னஞ்சல் முகவரி, அந்தக் கணினிக்குள்ளேயே இருக்கும் நிர்வாகி கணக்கின் அஞ்சல் பெட்டியாக இருந்தது. அதை யாரும் திறந்ததில்லை. புதிய சர்வரில் வெளி முகவரி கொடுத்து, கண்காணிப்புச் சேவையின் சோதனை அஞ்சல் உரிமையாளரின் கைப்பேசிக்கு வந்துசேர்வதைப் பார்த்தபின், ஒரு வட்டின் கேபிளை அவர் முன்னிலையில் கழற்றி, உண்மையான எச்சரிக்கையும் வருவதை உறுதிசெய்தோம். தினசரி பேக்கப் இப்போது வேறொரு கட்டடத்தில் இருக்கும் வட்டுக்குச் செல்கிறது. பழைய இரு வட்டுகளின் உறைகள் மேலும் ரெய்டில் அவற்றின் இடம், கடைசிப் புதுப்பிப்பு நாள், நிகழ்வு எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி ஒட்டி, ஆண்டுக் கணக்குத் தணிக்கை முடியும்வரை அவற்றை எதற்கும் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.